'அவர்' ஒருமை ஆன கதை



இலக்கணம் மாறாதது, மாறினால் அது சீரழிவு என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். சாதியைப் பற்றியும் இதே குரலில்தான் சொன்னார்கள்: "காலங்காலமாக இப்படித்தான்." மொழி வரலாற்றில் ஆய்வு செய்கிற மாணவன் நான். அங்கே 'காலங்காலமாக இப்படித்தான்' என்று எதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'அவர்'. இன்று ஒருவரை மரியாதையாகக் குறிக்கிற சொல். பழந்தமிழில் இது பன்மை, பலரைக் குறித்தது. தொல்காப்பியம் உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்றைத்தான் சொல்கிறது. மரியாதைக்கென்று தனிப் பால் கிடையாது. ஒருவரைப் பன்மையால் சொல்லும் பழக்கம் அப்போதே இருந்தது. அது வழக்கில் உள்ள உயர்த்திச் சொல்லும் முறை, இலக்கண நெறி அல்ல என்கிறது சொல்லதிகாரம். அதாவது, இன்று நாம் சரியென்று சொல்லும் 'ஐயா வந்தார்' அந்தக் கணக்கில் இலக்கணத்துக்கு வெளியே நின்றது. உயர்த்திச் சொல்லியாக வேண்டிய ஆட்கள் இருந்தார்கள். விதி வளைந்து கொடுத்தது.

'அவர்' ஒருமைப் பக்கம் போனதும் பன்மைக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. 'அவர்கள்' நிலைத்தது. இந்தக் 'கள்' யாருடையது? தொல்காப்பியத்தில் அது அஃறிணைப் பெயரோடு சேர்கிற விகுதி. இன்று மேடையில் 'தலைவர் அவர்கள்' என்று அழைக்கும்போது ஒட்டிக்கொண்டிருப்பது அதே 'கள்'தான். இதுதான் உயர்ந்தது, இதுதான் தாழ்ந்தது என்று எந்த விகுதியும் பிறப்பதில்லை தோழர்களே.

ஆங்கிலத்திலும் இது நடந்தது. ஒருவருக்கு 'தவ்', பலருக்கு 'யூ'. பிறகு பெரிய மனிதர்கள் தனியாக இருந்தாலும் 'யூ' ஆனார்கள். 1650களில் குவேக்கர்கள் என்ற கிறித்தவக் குழுவினர் இதை மறுத்தார்கள். நீதிபதியாக இருந்தாலும் ஒரு ஆள் என்றால் 'தவ்'தான் என்றார்கள். அடி வாங்கினார்கள், சிறைக்கும் போனார்கள். பேச்சுவழக்கு வேறு திசையில் போனது. 'தவ்' பொதுவழக்கிலிருந்து மறைந்து, எல்லோரும் 'யூ' ஆனார்கள்.

சுவீடனில் ஒருவரை அவருடைய பட்டம், பதவியைச் சொல்லித்தான் அழைக்க வேண்டியிருந்தது. 1967இல் அந்நாட்டு மருத்துவத் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த ப்ரூர் ரெக்செட், ஊழியர்கள் எல்லோரையும் 'தூ', அதாவது 'நீ' என்றே அழைக்கப்போவதாகச் சொன்னார். ஏற்கெனவே வீசிக்கொண்டிருந்த காற்று அது. சில ஆண்டுகளில் நாடே 'தூ'வுக்கு மாறியது.

ஆக, சமமாக்க இரண்டு வழிகள்: எல்லோரையும் 'நீ' என்பது, எல்லோரையும் 'நீங்கள்' என்பது. நமக்கு எது? என் தாத்தாவை அவர் பேரன் வயதுப் பையன் 'டேய்' என்று கூப்பிடுவான். தாத்தா அவனைச் 'சாமி' என்பார். இந்த மண்ணில் 'எல்லோரும் நீ' என்றால், காலமெல்லாம் 'நீ' வாங்கியவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. அதனால் முதலில் எல்லோருக்கும் 'நீங்கள்' என்பதே என் நிலைப்பாடு.

'அம்மாவை நீ என்றுதானே சொல்கிறோம்' என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. அங்கே அம்மாவும் நம்மை 'நீ' என்கிறார். 1960இல் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற ஆய்வாளர்கள் ஐரோப்பிய மொழிகளை வைத்து இதைத்தான் காட்டினார்கள். இருவரும் ஒரே சொல்லைப் பரிமாறிக்கொண்டால் நெருக்கம் அல்லது சமம். ஒருவர் 'நீ' கொடுத்து 'நீங்கள்' வாங்கினால் அதிகாரம். சிக்கல் சொல்லில் இல்லை, ஒருவழிப் போக்கில் இருக்கிறது.

"கிராமத்து வழக்கு அப்படி, தப்பாக எடுத்துக்கொள்ளாதே" என்பவர்களுக்கு நம் பதில் இதுதான்: வழக்குதான் 'அவரை' ஒருமை ஆக்கியது. வழக்கை ஆக்குவது மனிதர்கள். இன்னொரு வழக்கையும் நாம் ஆக்கலாம். மலக்குழியில் இறந்த தொழிலாளியைப் பற்றி எழுதும்போது 'இறந்தான்' என்றா, 'இறந்தார்' என்றா எழுதுகிறோம்? காலையில் தெருக் கூட்டுகிற அம்மாவிடம் 'வா' என்கிறோமா, 'வாங்க' என்கிறோமா? சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.