குத்தும் கோடும்



ஓவியத்தைப் பற்றி வானொலியில் பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. எதையும் காட்ட முடியாது, சொல்லத்தான் முடியும். ஆனால் இன்று நான் பேசப்போகும் இருவரில் ஒருவருடைய ஓவியத்தைக் காதாலேயே கேட்கலாம். தொப், தொப், தொப் என்று ஈரப் பஞ்சு கித்தானில் அறையும் சத்தம். உஷியோ ஷினோஹாரா ஓவியம் தீட்டுகிறார் என்று அர்த்தம். அவருடைய மனைவி நோரிகோவும் ஓவியர்தான். அவர் வரையும்போது ஒரு சத்தமும் வராது.

ஜப்பானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்க்கையை நடத்தியவர்கள் இவர்கள். இருவரும் சேர்ந்து அந்த நகரில் வைத்த கண்காட்சிக்கு ‘லவ் இஸ் எ ரோர்’ என்று பெயர். அன்பு ஒரு கர்ஜனை என்று நம் மொழியில் வைத்துக்கொள்ளலாம். நான் அதை நேரில் பார்த்தவனல்ல. 2013-இல் வெளிவந்து ஆஸ்கார் பரிந்துரை வரை போன ‘க்யூட்டி அண்ட் த பாக்ஸர்’ என்ற ஆவணப்படம் வழியாகத்தான் இந்தத் தம்பதி எனக்கு அறிமுகம்.

உஷியோ 1932-இல் டோக்கியோவில் பிறந்தவர். 1960-இல் அங்கே கலாட்டா செய்த ‘நியோ தாதா’ என்ற இளம் கலைஞர் குழுவில் முன்னால் நின்றவர். தலையின் இருபுறமும் மழித்து, நடுவில் மட்டும் முடி விட்டுக்கொண்டு திரிந்தவர். 1969-இல் ராக்ஃபெல்லர் குடும்பத்தார் ஒருவரின் நிதியிலிருந்து கிடைத்த உதவித்தொகையில் நியூயார்க் போனார். போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

அவர் ஓவியம் தீட்டும் விதம் இப்படி. குத்துச்சண்டைக் கையுறைமேல் பஞ்சைக் கட்டிக்கொள்வார். சாயத்தில் முக்குவார். மேலுக்குச் சட்டை கிடையாது, கண்ணைக் காக்க ஒரு கண்ணாடி மட்டும். சுவர் நீளத்துக்கு அடித்து நிறுத்திய கித்தானின் வலக்கோடியில் குத்த ஆரம்பித்தால் இடக்கோடி வரைக்கும் நிற்க மாட்டார். ஒவ்வொரு குத்தும் சிதறிப் பூப்பூவாக விரியும், அதன் அடியிலிருந்து சாயம் தாரை தாரையாக வழியும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். வலமிருந்து இடமாக அவர் போவதைக் கவனியுங்கள். ஜப்பானின் பழைய சுருள் ஓவியங்களையும் அந்தத் திசையில்தான் விரித்துப் பார்ப்பார்கள். மரபை உதைத்துத் தள்ளியவர் என்று பேர் வாங்கியவருக்குக் கை மட்டும் பாட்டன் காலத்து வழியிலேயே போகிறது. இது என் ஊகம்தான். அவரிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஓவியத்தின் உயிர் குத்துகிற நேரத்தில் இருக்கிறது. 1961-இல் புகைப்படக்காரர் வில்லியம் க்ளைன் அவரைப் படம் பிடித்தார். அந்தப் படத்தில் தெறிக்கிற வேகம், காய்ந்துபோன கித்தானில் பாதிதான் மிஞ்சுகிறது. கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தலைப் பார்ப்பதுபோல.

நோரிகோவின் கதை வேறு. 1972-இல், பத்தொன்பது வயதில், ஓவியம் படிக்கத்தான் நியூயார்க் வந்தார். அடுத்த ஆண்டே உஷியோவைச் சந்தித்தார். உஷியோவுக்கு அப்போது நாற்பத்தொன்று. சீக்கிரமே மகன் பிறந்தான். அப்புறம் என்ன? சமையல், பிள்ளை, வீட்டு வாடகை, கணவரின் குடி. சாதாரணமானவர் மேதைக்குத் துணை நிற்க வேண்டியதுதான் என்ற பொருளில் உஷியோ அந்த ஆவணப்படத்தில் சொல்கிறார். சொல்லிவிட்டு நம்மைப் பார்க்கும் அந்த முகத்தில் கூச்சமே இல்லை!

ஐம்பதைத் தாண்டிய பிறகு நோரிகோ ‘க்யூட்டி’ என்றொரு பெண்ணை வரையத் தொடங்கினார். இரட்டைப் பின்னல், உடம்பில் பொட்டுத் துணி இல்லை. அவளுடைய புருஷன் பெயர் ‘புல்லி’. ஜப்பானிய மொழியில் ‘உஷி’ என்றால் மாடு. ஆங்கிலத்தில் ‘புல்’ காளை, ‘புல்லி’ என்றால் எளியவர்களை மிரட்டுகிற ஆள். ஒரே பெயரில் இரண்டு குத்து, கையுறை இல்லாமலே. மெல்லிய கறுப்புக் கோடு, பக்கத்தில் இரண்டு வரி எழுத்து. புல்லி குடிக்கிறான், க்யூட்டி பிள்ளையோடும் கடனோடும் மல்லுக்கட்டுகிறாள். சில கட்டங்களில் எழுத்துதான் பாரத்தைச் சுமக்கிறது, கோடு கொஞ்சம் சோம்பிவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் கூட்டுக் கண்காட்சியில் அவர் செய்தது கெட்டிக்காரத்தனம். சட்டம் போட்டு மாட்டுவதோடு விடவில்லை, கூடத்தின் சுவரிலேயே க்யூட்டியின் கதையை வரைந்துவிட்டார். ஒரு பக்கம் கணவரின் ஆள் உயரச் சாயத் தெறிப்பு. இன்னொரு பக்கம், அந்தச் சாயம் வாங்கின நாளில் வீட்டில் அரிசி இருந்ததா என்று கேட்கிற கோடு. உஷியோவின் கித்தானைத் தனியாகப் பார்த்தால் வீரம் தெரியும். இந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வழிந்த சாயத்தைத் தரையிலிருந்து துடைத்தவர் யார் என்ற எண்ணம் வருகிறது. கூடத்தில் தொப் தொப் சத்தமும் கிடையாதல்லவா? அங்கே இருவருக்கும் ஒரே மௌனம்தான்.

ஆவணப்படத்தின் கடைசியில், எழுத்துகள் ஓடும்போது, இருவரும் சாயம் தோய்ந்த கையுறைகளோடு எதிரெதிரே நிற்கிறார்கள். மெதுவாக நகரும் காட்சி. நோரிகோ ஓங்கிக் குத்துகிறார். உஷியோவின் மேலெல்லாம் சாயம்.