எலும்பு நோயும் சிறுநீரக நோயும்: இரத்தத்தில் ஒரு துப்பு



வாரத்திற்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்திற்குச் சென்று, நான்கு மணி நேரம் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருந்துவிட்டு வீடு திரும்பும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். நம்மில் பலருக்கு அப்படி ஓர் உறவினரோ அண்டை வீட்டுக்காரரோ உண்டு. ஒரு நாள் காலையில் அவர் குளியலறையில் வழுக்கி விழுகிறார். பெரிய விழுகை ஒன்றுமில்லை. ஆனால் இடுப்பெலும்பு முறிந்துவிடுகிறது. "கெட்டுப்போனது சிறுநீரகம்தானே, எலும்புக்கு என்ன வந்தது?" என்று வீட்டார் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இன்று அதைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

சிறுநீரகம் என்றால் கழிவை வடிகட்டும் சல்லடை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது பாதி உண்மை. வெயிலில் நம் தோலில் உண்டாகும் வைட்டமின் டி அப்படியே வேலைக்கு உதவாது. அதற்குக் கடைசி மெருகு கொடுத்து வீரியமுள்ளதாக ஆக்குவது சிறுநீரகமே. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஃபிரேசர், கோடிசெக் என்னும் இருவர் 1970ஆம் ஆண்டில் இதனை நிறுவினார்கள். சிறுநீரகம் தளர்ந்தால் அந்த மெருகு கிடைப்பதில்லை; உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேருவது குறைகிறது; வெளியேற வேண்டிய பாஸ்பேட் உள்ளேயே தங்குகிறது. கழுத்திலே பயறு போன்ற நான்கு சிறு சுரப்பிகள் இருக்கின்றன, பாரா தைராய்டு என்று அவற்றுக்குப் பெயர். இரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்ததும் அவை பதறிப்போய், எலும்பைக் கரைத்தாவது அந்தக் குறையை நிரப்பப் பார்க்கின்றன.

இத்தோடு நின்றிருந்தால் மருத்துவருக்கு வேலை எளிது. சிக்கல் இனிமேல்தான் இருக்கிறது.

எலும்பு நாம் நினைப்பது போல் கல்லும் சிமெண்டும் அன்று. பழைய தாரைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுத் தார் ஊற்றும் சாலை வேலையைப் போல, எலும்பை அரிக்கும் அணுக்களும் கட்டும் அணுக்களும் ஆயுள் முழுவதும் அதில் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. சிறுநீரக நோயாளிகள் சிலருக்கு இந்த வேலை கண்மண் தெரியாத வேகத்தில் நடக்கிறது. சாலை முழுவதும் குழி. வேறு சிலருக்கோ வேலையே நின்றுவிடுகிறது. ஆட்கள் வருவதில்லை, விரிசல் விழுந்தால் அடைப்பாரில்லை. இரண்டு எலும்பும் முறியும். எக்ஸ்ரே படத்தில் இரண்டையும் பிரித்தறிவது அரிது. ஆனால் மருந்து நேர் எதிரானது! வேலை வேகமாக நடக்கும் எலும்புக்கு வீரியமுள்ள வைட்டமின் டி கொடுத்துக் கழுத்துச் சுரப்பியை அடக்க வேண்டும். வேலை நின்றுபோன எலும்புக்கு அதே மருந்தைக் குறைக்க வேண்டும். ஆளை மாற்றிக் கொடுத்தால் நோய் முற்றும்.

எது எந்த வகை என்று உறுதியாகச் சொல்ல ஒரு வழி உண்டு. நோயாளிக்குச் சில நாள் டெட்ராசைக்ளின் மாத்திரை கொடுப்பார்கள். சில நாள் இடைவெளி விட்டு மறுபடியும் கொடுப்பார்கள். அந்த மருந்து புதிதாக உருவாகும் எலும்பில் படிந்து நிற்கும். பிறகு இடுப்பெலும்பின் விளிம்பில் துளையிட்டு ஒரு துணுக்கை எடுத்து, புற ஊதா ஒளியில் பார்ப்பார்கள். இரண்டு கோடுகள் மின்னும். கோடுகளுக்கிடையே உள்ள தூரம்தான் எலும்பு வளர்ந்த வேகம். அழகான சோதனை! ஆனால் நோயாளிக்கு வலி. துணுக்கைப் படித்துச் சொல்லத் தெரிந்த நிபுணர்களும் குறைவு. ஆறு மாதத்திற்கு ஒரு தடவை எலும்பைத் துளையிட்டுக்கொள்ள யார்தான் இசைவார்கள்?

ஆகவே, ஒரு குழாய் இரத்தத்திலேயே இந்தச் செய்தி கிடைக்காதா என்று ஆராய்ச்சியாளர்கள் தேடலானார்கள். நோயைக் காட்டிக்கொடுக்கும் இத்தகைய பொருளை நோய்காட்டி என்று அழைப்போம். சிறுநீரகத்துக்கு நமக்குப் பழக்கமான நோய்காட்டி கிரியேட்டினின். அதை அளக்கும் முறைக்கு அடிப்படையை 1886ஆம் ஆண்டிலேயே மாக்ஸ் யாஃபே என்னும் ஜெர்மானியர் கண்டறிந்துவிட்டார். பழைய காவற்காரன்தான், ஆனால் தூங்குமூஞ்சி. சிறுநீரகத்தின் திறனில் ஏறக்குறைய பாதி போன பிறகுகூட, அதன் அளவு பார்வைக்குச் சரியாகவே தோன்றக்கூடும்.

புதிய காவற்காரன் வந்த கதை ஒரு புழுவிலிருந்து தொடங்குகிறது. மண்ணில் வாழும் அந்தப் புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டர். அதன் வளர்ச்சியை ஆராய்ந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1993ஆம் ஆண்டில் ஒரு விந்தையைக் கண்டார்கள். அதை விளக்க நாம் ஒரு ரப்பர் தோட்டத்திற்குப் போவோம். துரை தம் அறையில் இருந்தபடி தொழிற்சாலைக்குச் சீட்டு எழுதி அனுப்புகிறார். சீட்டு போய்ச் சேர்ந்தால் வேலை நடக்கும். நடுவில் ஒரு கிராணி நின்றுகொண்டு, "இது இன்றைக்கு வேண்டாம்" என்று சில சீட்டுகளைக் கிழித்துப் போடுகிறார். நம் உயிரணுவில் மரபணுதான் துரை. அவர் அனுப்பும் சீட்டு ஆர்.என்.ஏ.; தொழிற்சாலையில் உருவாவது புரதம். சீட்டைத் தடுக்கும் கிராணிக்குப் பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ. புழுவில் கண்ட அந்த முதல் கிராணி 22 எழுத்துகளே கொண்ட ஒரு துணுக்கு.

இது புழுவுக்கு மட்டும் உரிய வேடிக்கை என்றே பலர் எண்ணினர். 2000ஆம் ஆண்டில் ரவ்கனின் குழுவினர் இன்னொன்றைக் கண்டார்கள். அது மனிதன் உட்படப் பல உயிரினங்களில் இருந்தது. அதற்குப் பிறகே உலகம் விழித்துக்கொண்டது. மனிதனிடத்தில் இன்று ஆயிரத்திற்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. 2024ஆம் ஆண்டு மருத்துவ நோபெல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

நமக்கு வேண்டிய செய்தி 2008ஆம் ஆண்டில் வந்தது. பொதுவாக ஆர்.என்.ஏ. இரத்தத்தில் நொடியில் சிதைந்துவிடும். இந்தச் சிறு துணுக்குகளோ சிதையாமல் பத்திரமாக மிதக்கின்றன என்று காட்டினார்கள். அப்படியானால் எலும்பின் அணுக்கள் வெளியே விடும் கிராணிகளை இரத்தத்தில் எண்ணிப் பார்க்கலாமே! 2014ஆம் ஆண்டில் ஜெர்மனியில், எலும்பு தேய்ந்து இடுப்பு முறிந்தவர்களின் இரத்தத்தில் ஒன்பது மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கூடியிருக்கக் கண்டனர். சிறுநீரக நோயாளிகளிலும், எலும்புத் துணுக்குச் சோதனையோடு ஒப்பிட்டு, வேலை நின்றுபோன எலும்பை இரத்தத்தின் மூலமே கண்டுபிடிக்க முயன்று வருகிறார்கள். நம்பிக்கை தரும் முயற்சி. எனினும் ஆராய்ந்த நோயாளிகளின் தொகை சிறிது.

இங்கே நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒன்பதில் ஒன்று 21ஆம் எண் கொண்டது. இதே 21, பழுதடைந்த சிறுநீரகத்தில் தழும்பு படியும்போதும் கூடுகிறது. புற்றுநோய்கள் பலவற்றிலும் கூடுகிறது. கிராணி ஓடி வருகிறார், சரி. எந்தத் தோட்டத்திலிருந்து ஓடி வருகிறார்? இடுப்பும் கெட்டு, சிறுநீரகமும் கெட்ட நம் நோயாளியிடம் 21 கூடியிருந்தால் அதற்கு என்ன பொருள் கொள்வது? அதனால்தான் ஒற்றை எண்ணை நம்பாமல் நாலைந்தைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

இரத்தம் எடுக்கும் முறையிலும் தொல்லை உண்டு. ஊசி குத்துகையில் சிவப்பணுக்கள் சற்று உடைந்தால், அவற்றிலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. கொட்டிக் கணக்கைக் கெடுத்துவிடும். சுத்திகரிப்பின்போது இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின், அளக்கும் வேதிவினையையே தடுத்துவிடும். யாருக்காக இந்தச் சோதனையோ, அவர்கள் உடம்பிலேயே அதற்குப் பகை! போதாததற்கு, சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களின் இரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ.யின் அளவே குறைந்திருப்பதாக 2011ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு காட்டியது. அவர்களை நலமுள்ளவரோடு ஒப்பிடுவது எப்படி?

நோய்காட்டியாக அல்லாமல், மருந்தின் இலக்காகவும் இந்த 21ஐப் பார்த்தார்கள். அது இல்லாத எலிகளுக்குச் சிறுநீரகத் தழும்பு குறைவாக இருந்தது. ஆல்போர்ட் நோய் என்னும் பரம்பரைச் சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு, 21ஐ அடக்கும் ஊசி மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். பயன் தெரியாமையால் 2022ஆம் ஆண்டில் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. எலிக்குக் கிடைத்த நன்மை மனிதனுக்குக் கிடைக்கவில்லை. மருத்துவத்தில் இது புதிதுமன்று.

அப்படியானால் குளியலறையில் விழுந்தவருக்கு இன்று என்ன செய்வார்கள்? மருத்துவர் அவருடைய பாரா தைராய்டு சுரப்பு நீரையும், எலும்பு கட்டும் அணுக்கள் வெளியிடும் ஆல்கலைன் பாஸ்படேஸையும் பார்ப்பார். ஒரு நாள் கணக்கை நம்பாமல், பல மாதக் கணக்குகளை வரிசையாக வைத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனிப்பார். இரண்டும் மிக உயர்ந்திருந்தால் வேகமான எலும்பு. இரண்டும் மிகத் தாழ்ந்திருந்தால் நின்றுபோன எலும்பு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நோயாளிகள் பலர் விழுவது இந்த இரண்டுக்கும் நடுவிலேதான். அப்போது, துளையிடும் ஊசியை எடுப்பதா வேண்டாமா என்று மருத்துவரும் நோயாளியும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சுக்கு அவசியமில்லாமல் செய்யும் இரத்தச் சோதனை இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது.