கொழும்பிலிருந்து வந்த பிள்ளை

(பிள்ளைமடுவத்தில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் எமது தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்குப் போஷாக்கைப் பற்றிப் பேசுவதாகத்தான் இருந்தது. ஆனால் போன மாதம் மேல்கணக்கில் ஒரு காய்ச்சல் பரவியது உங்களுக்குத் தெரியும். வெள்ளவத்தைக் கடையொன்றில் வேலை செய்யும் ஒரு தம்பி லீவில் வந்திருந்த நேரம். "அவன்தான் கொண்டாந்தான்" என்று பீலிக்கரையில் பேச்சு. அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. இதே பேச்சைக் கொரோனா காலத்தில் கேட்டோம். அதனால் என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே அந்தக் காலத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். கொழும்பில் மே 26 வரைக்கும் அது நீண்டது. நமக்கு அப்போதும் மலையில் வேலை நடந்தது, கொழுந்து எடுத்தோம். கஷ்டம்தான், ஆனால் பேர் விழுந்தது. கொழும்பில் அன்றாடம் உழைத்துத் தின்னும் சனத்துக்கு அதுவும் இல்லை.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது கொட்டாஞ்சேனையில். அங்கேயும் அவர்கள் இருக்கும் இடத்தைத் "தோட்டம்" என்றுதான் சொல்வார்கள். தேயிலை இல்லாத தோட்டம். நம்ம லயத்தைப் போலச் சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள், பத்துப் பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய், வெளியே பொதுக் கக்கூஸ். மச்சான் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர். "ஒரு மீட்டர் தள்ளி நில்லுன்னு சொல்றாங்க தம்பி. எங்க வீடே ரெண்டு மீட்டர்தான்" என்று அக்கா போனில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

சட்டத்தை மீறினார்கள் என்று அந்த இரண்டு மாதத்தில் 60,000 பேருக்கு மேல் கைதானார்கள். அவர்கள் எல்லாரும் திமிர் பிடித்தவர்களா? மே 21ஆம் திகதி மாளிகாவத்தையில் நடந்ததைப் பாருங்கள். நோன்புக் காலத்தில் ஒரு முதலாளி ஏழைகளுக்குக் காசு கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஊரடங்கு நேரத்திலும் கூட்டம் கூடியது. நெரிசலில் மூன்று பெண்கள் மிதிபட்டுச் செத்தார்கள். நோய்க்குப் பயமில்லாமல் அவர்கள் வரவில்லை. அடுப்பு எரியாததால் வந்தார்கள்.

பிறகு 2020 ஒக்டோபரில் இரண்டாவது அலை. மினுவாங்கொடை கார்மென்டில் தொடங்கி, பேலியகொடை மீன் சந்தைக்கு வந்து, கொழும்பு வடக்கெல்லாம் பரவியது. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், புளூமெண்டால், கிராண்ட்பாஸ் பகுதிகளை அடைத்தார்கள். வாரக்கணக்கில் அக்கா வீட்டார் வெளியே வரவில்லை. இதற்கெல்லாம் எந்தச் சட்டம் தெரியுமா? 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் சட்டம். நம்ம பாட்டன் பூட்டன் கப்பலில் வந்த காலத்துச் சட்டம். மண்டபம் கேம்பில் நம் ஆட்களை நிறுத்தி வைத்துப் பரிசோதித்துத்தான் இங்கே அனுப்பினார்கள். "நோய் கொண்டு வருகிறவன்" என்ற பேரை முதலில் சுமந்தவர்களே நாம்தான். அப்படிப்பட்ட நாமே அந்தப் பேரை இன்னொரு பிள்ளைக்குச் சூட்டினோம்.

அந்த ஒக்டோபர் கடைசியில் மேல்மாகாணம் முழுக்க ஊரடங்கு என்று அறிவித்தார்கள். தீபாவளி நவம்பர் 14. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைகளில் வேலை செய்த நம் பிள்ளைகள், அகப்பட்ட பஸ்சிலும் வேனிலும் ஏறி ஊருக்கு வந்தார்கள். பிந்தினவர்கள் மாட்டிக்கொண்டார்கள். நவம்பர் 11 நள்ளிரவு முதல் 15 வரை மேல்மாகாணத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று தடை வந்துவிட்டது. புதுச் சட்டையோடு கடை மாடியில் தீபாவளியைக் கழித்த பிள்ளைகள் எத்தனையோ.

நம்ம தோட்டத்துக்கும் ஒரு தம்பி வந்தார். நான் என்ன செய்தேன்? கோயில் ஸ்பீக்கரில் லய நம்பரையும் காம்பரா நம்பரையும் சொல்லி, "அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம்" என்று அறிவித்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அரை மணித்தியாலத்தில் பாதைக்குக் குறுக்கே முள்ளு வெட்டிப் போட்டுவிட்டார்கள். அந்தத் தாயைப் பீலியில் தண்ணீர் எடுக்க விடவில்லை. பத்து நாள் கழித்து பீ.சீ.ஆர். முடிவு வந்தது. அவருக்கு நோயே இல்லை. அந்தத் தம்பி கொழும்புக்குப் போனவர்தான், இரண்டு தீபாவளிக்கு வீட்டுப் பக்கம் வரவில்லை.

கதை அதோடு முடியவில்லை.

2021 ஜூனில் தெமட்டகொடையில் டெல்டா என்ற புதுத் திரிபு கண்டுபிடிக்கப்பட்டது. திரிபு என்றால் என்ன? செக்ரோலைப் பார்த்து எழுதும்போது சில நேரம் ஒரு எழுத்து மாறிவிடும் அல்லவா? வைரஸும் உடம்புக்குள் தன்னைத்தானே கோடிக்கணக்கில் பிரதி எடுக்கிறது. அதில் பிழை விழுகிறது. அநேகமான பிழைகளால் ஒன்றும் ஆகாது. ஒரு பிழை அதற்கு வாய்ப்பாக அமைந்துவிட்டால், அது முன்னதைவிட வேகமாகப் பரவும். முதலில் வந்த கொரோனா ஒருவரிடமிருந்து இரண்டு மூன்று பேருக்குப் போனது என்றால், டெல்டா ஐந்து ஆறு பேருக்குப் போனது. ஓகஸ்டில் நாட்டில் ஒரே நாளில் 200 பேருக்கு மேல் செத்தார்கள்.

அப்போது ஒரு விசயத்தைக் கவனித்தேன். 2020இல் ஊரடங்கைத் திட்டின அதே சனம், 2021 ஓகஸ்டில் "நாட்டை மூடுங்கள்" என்று கேட்டது. அரசாங்கம் சொல்லுமுன்னமே பல ஊர்களில் வியாபாரிகள் தாங்களாகவே கடையைச் சாத்தினார்கள். ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவுதான் ஊரடங்கு வந்தது, ஒக்டோபர் 1 வரை இருந்தது. விளங்கினால் சனம் கேட்கும். வெறும் பயமுறுத்தலுக்கு ஒளிந்து கொள்ளும்.

அந்த ஓகஸ்டில் நம்ம கீழ்க்கணக்கில் ஒரு வீட்டில் அப்படித்தான் ஒளித்தார்கள். மகள் கொட்டாஞ்சேனையில் வீட்டு வேலை செய்தவர், காய்ச்சலோடு வந்திருக்கிறார். அவருக்குச் சுகமாகிவிட்டது, ஆத்தாவுக்குத் தொற்றிவிட்டது. கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்து, கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். எட்டாம் நாள் மூச்சு இழுக்கத் தொடங்கினபோதுதான் எனக்குச் சொன்னார்கள். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மறுநாள் ஆத்தா போய்விட்டார். "ஏன் முன்னமே சொல்லல்ல?" என்று கேட்டேன். அந்த மகள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "நீங்க ஸ்பீக்கர்ல சொல்லிருவீங்கன்னு பயந்தோம் ஐயா."

அந்த வார்த்தைக்கு இன்று வரைக்கும் என்னிடம் பதில் இல்லை.

கொழும்பு முஸ்லிம் சனத்துக்கும் இதுபோல ஒரு பயம் இருந்தது. கொரோனாவில் செத்தவர்களைப் புதைக்கக் கூடாது, எரிக்கத்தான் வேண்டும் என்று இங்கே கட்டளை. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. 2020 டிசம்பரில் பிறந்து 20 நாளான ஒரு பச்சைப் பிள்ளையையும் எரித்தார்கள். பொரளை கனத்தை வாசலில் சனம் வெள்ளைத் துணி கட்டித் தன் துக்கத்தைக் காட்டியது. எரித்துவிடுவார்கள் என்று தெரிந்தால் யார்தான் ஆஸ்பத்திரிக்குத் துணிந்து போவார்கள்? 2021 பெப்ரவரியில்தான் அந்தக் கட்டளையை மாற்றினார்கள். 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அரசாங்கமே மன்னிப்புக் கேட்கும்போது நான் கேட்பதில் என்ன வெட்கம்? அந்தத் தம்பியிடம் கேட்டேன். அந்த வீட்டிலும் கேட்டேன். இன்றைக்கு உங்கள் எல்லார் முன்னாலும் கேட்கிறேன்.

2023 மே மாதம் கொரோனா அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அவசரநிலைதான் முடிந்தது, வைரஸ் போய்விடவில்லை. புதுத் திரிபு வரும், வேறு காய்ச்சலும் வரும். ஆகவே நாம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

காய்ச்சல், இருமல் இருந்தால் முதல் நாளே டிஸ்பென்சரிக்குச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம், ராத்திரியிலும் கதவைத் தட்டுங்கள். காய்ச்சல்காரர் இருக்கும் காம்பராவில் சன்னலைத் திறந்து வையுங்கள். வயதானவர்களை வேறு பக்கம் படுக்க வையுங்கள். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒரு பாணி மருந்துக்கு ஆயிரக்கணக்கில் சனம் முண்டியடித்தது. அந்தப் பாணியைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் கொரோனா வந்தது. அதை மறக்க வேண்டாம்.

ஒரு வீட்டாரை வெளியே வர வேண்டாம் என்று சொன்னால், அந்த வீட்டுக்கு அரிசி, மா, தண்ணீர் கொண்டு போய் வாசலில் வைப்பது நம்ம கடமை. சோறு கொடுக்காமல் கதவைச் சாத்தச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. யார் பேரும் இனி ஸ்பீக்கரில் வராது. இது என் வாக்கு.

அடுத்த தீபாவளிக்கும் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் நம்ம பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் அனுப்பும் காசில்தான் பல வீட்டில் அடுப்பு எரிகிறது. "என்னத்தைக் கொண்டாந்த?" என்று கேட்காதீர்கள். "சுகமா இருக்கியா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால்தான் இல்லாத சுகத்தையும் பிள்ளை சொல்லும்.