பழைய அலமாரி, புதிய உறைவிடம்: ஊர்வன வளர்க்க விரும்பும் குடும்பங்களுக்கு

(வெஸ்ட் வின்ட்சர் நகரியத் தமிழ்க் குடும்பங்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரைக்கான ஆங்கில அறிவிப்பைத் தமிழாக்கியபோது முதலில் ‘கூண்டு’ என்றே எழுதினேன். பிறகு அச்சொல்லை அடித்துவிட்டேன். சட்டம் பயின்றவன் என்பதால் கூண்டு என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவை சாட்சிக் கூண்டும் குற்றவாளிக் கூண்டும்தான். நாம் பேச இருக்கும் உயிரினம் எக்குற்றமும் செய்யவில்லை. அதன் வாழ்நாள் முழுவதும் நாம் அமைத்துத் தரும் அந்த ஒரு பெட்டிக்குள்ளேயே கழியப்போகிறது. ஆகவே ‘உறைவிடம்’ என்று மாற்றினேன். இன்று நான் சொல்லவிருப்பவை அனைத்தும் அந்தச் சொல்லுக்கு ஏற்ப ஒரு பெட்டியைத் தகுதியாக்குவது எப்படி என்பது பற்றியவையே.

எங்கள் வீட்டில் இது தொடங்கிய விதத்தைச் சொல்கிறேன். நாங்கள் இந்நாட்டுக்கு வந்த புதிதில் வாங்கிய பெரிய தொலைக்காட்சி அலமாரி ஒன்று நிலவறையில் கிடந்தது. அதனுள் இருந்த பழைய குழாய்த் தொலைக்காட்சி எப்போதோ போய்விட்டது. மரம் மட்டும் உறுதியாக இருந்தது. எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகன், ‘பியர்டட் டிராகன்’ எனப்படும் தாடி ஓணான் ஒன்றை வளர்க்க விரும்பினான். அந்த அலமாரியை அதற்கு வீடாக்கலாம் என்ற யோசனையும் அவனுடையதே. அப்போது எங்களுடன் இருந்த என் தாயார், “வேலியில் போற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கிற கதையால்ல இருக்கு” என்றார். நானும் சிரித்தேன். அப்பழமொழியில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பது இரண்டு வாரத்தில் விளங்கியது.

மரச்சாமானுக்கு முன் உரிமம்

முதற்பிழை என்னுடையது. விலங்கை வாங்கிவிட்டேன், அலமாரியை அறுக்கவும் தொடங்கிவிட்டேன்; சட்டத்தைப் பார்க்கவில்லை. ஊராருக்கெல்லாம் அறிவிப்புகளை மொழிபெயர்த்துத் தருபவன், தன் வீட்டில் அனுமதி கேட்கவில்லை. கடையில் விற்கிறார்கள் என்றால் வளர்க்கவும் தடை இராது என்று எண்ணிக்கொண்டேன். நம்மில் பலரும் அப்படித்தான் எண்ணுகிறோம். நியூ ஜெர்சியில் அந்த எண்ணம் செல்லாது.

இம்மாநிலத்தில் அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்பதற்கு மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையின் மீன், வனவிலங்குப் பிரிவு உரிமம் வழங்குகிறது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பல்லி, பாம்பு இனங்கள் பலவற்றுக்கு, வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தாலும், உரிமம் தேவை. சில இனங்களுக்கு விலக்கு உண்டு. எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்பதைக் கடைக்காரரின் சொல்லைக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். விலங்கின் அறிவியற்பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு அப்பிரிவையே வினவுங்கள். நச்சுப்பாம்பு, முதலை போன்றவை ‘ஆபத்து விளைவிக்கக்கூடியவை’ என்ற தனிப்பட்டியலில் உள்ளன. பொழுதுபோக்கிற்காக அவற்றை வளர்க்க முடியாது.

காட்டு விலங்கைப் பிடித்துவருவது வேறு செய்தி. மெர்சர் கவுண்டி பூங்காவிலோ, டெலவேர் ராரிட்டன் கால்வாய்க் கரையிலோ நடக்கும்போது பெட்டி ஆமை ஒன்று பாதையைக் கடப்பதைப் பிள்ளைகள் காணக்கூடும். அதை வீட்டுக்கு எடுத்து வருவது சட்டப்படி குற்றம். 1973ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் இத்தகைய உயிரினங்களைக் காக்கிறது. நமக்கு இது புதிய செய்தியன்று. இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருக்கலாகாது. ‘ஊரில் தாத்தா வீட்டுக் கிணற்றடியில் ஆமை இருந்ததே’ என்னும் வாதம் இரு நாடுகளிலும் எடுபடாது.

வாடகை வீட்டிலோ குடியிருப்போர் சங்கம் உள்ள வளாகத்திலோ வாழ்வோர், தம் ஒப்பந்தத்தில் வளர்ப்பு விலங்கு பற்றிய பிரிவையும் படித்துப் பார்க்க வேண்டும். மாநில உரிமம் வேறு, வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் வேறு. ஒன்று இருப்பதால் மற்றொன்று கிடைத்ததாகாது.

எந்த மரச்சாமான் உதவும்?

வளர்ந்த தாடி ஓணான் ஒன்றுக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பது குறைந்த அளவாகக் கொள்ளப்படுகிறது. பழைய தொலைக்காட்சி அலமாரி, ஆழமான புத்தக அலமாரி, இழுப்பறைகளை நீக்கிய உடைப்பெட்டகம் ஆகியவை இந்த அளவுக்குப் பொருந்தி வரும். கண்ணாடித் தொட்டியைவிட மரம் வெப்பத்தை நன்கு காக்கும். நம் சனவரிக் குளிரில் அது பெரிய நன்மை.

விலக்க வேண்டியவையும் உள்ளன. கம்பளித் துணி வைக்கும் தேவதாரு மரப்பெட்டியைத் தொடாதீர்கள். பூச்சியை விரட்டும் அதே நறுமண எண்ணெய் ஊர்வனவற்றின் நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். 1978ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வண்ணம் பூசிய மரச்சாமானில் ஈயம் இருக்கக்கூடும். அந்த ஆண்டில்தான் நடுவணரசு வீட்டுப் பயன்பாட்டு வண்ணங்களில் ஈயத்துக்குத் தடை விதித்தது. அதைத் தேய்த்துத் தூளாக்கினால் முதலில் பாதிக்கப்படுவது ஓணான் அன்று, தரையில் தவழும் குழந்தை. மரத்தூள் அழுத்திய பலகையால் ஆனவை ஈரம் பட்டால் ஊதிப் பெருகும். வறண்ட நிலத்து விலங்குக்கு அவற்றை நன்கு மெழுகிப் பயன்படுத்தலாம். ஈரம் வேண்டும் மழைக்காட்டு இனங்களுக்கு அவை உதவா.

தெருவோரத்தில் எடுத்த பொருளாயின் மூட்டைப்பூச்சிக்காக இணைப்புகளையும் ஆணித் துளைகளையும் விளக்கொளியில் பாருங்கள். வெளியில் கிடந்த பொருளாயின் புள்ளி விளக்குப்பூச்சியின் முட்டைத் திட்டையும் தேடுங்கள். காய்ந்த சேறு அப்பியதுபோல் இருக்கும். 2018இல் அப்பூச்சிக்காக முதலில் தனிமைப்படுத்தப்பட்ட நியூ ஜெர்சிக் கவுண்டிகளுள் நம் மெர்சரும் ஒன்று.

அலமாரிக்குள் பழைய தொலைக்காட்சி இன்னும் இருந்தால் அதைக் குப்பையோடு போடலாகாது. 2011 முதல் மாநிலச் சட்டம் அதைத் தடுக்கிறது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் நாள்களில் ஒப்படையுங்கள். மீந்த வண்ணத்தையும் கரைப்பானையும் வீட்டு இரசாயனக் கழிவு நாளுக்கு வையுங்கள்.

மெழுகுதலும் மூச்சும்

உட்பக்கம் முழுவதையும் தேய்த்துத் துடைத்து, நீரைக் கரைப்பானாகக் கொண்ட பாலியூரித்தேன் மெருகை மூன்று முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்னரே அடுத்தது. மூலைகளையும் இணைப்புகளையும் மீன்தொட்டிக்கு உரிய சிலிக்கோன் கொண்டு அடையுங்கள். குளியலறைச் சிலிக்கோனில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும், அது வேண்டாம். பிறகு ஒரு வாரமேனும் திறந்து வையுங்கள். தலையை உள்ளே நீட்டி முகர்ந்து பாருங்கள். உங்களுக்கு வாடை தெரிந்தால் விலங்குக்கு இன்னும் அது நஞ்சே.

காற்றோட்டத்துக்குக் குளிர்ந்த பக்கத்தில் கீழேயும், சூடான பக்கத்தில் மேலேயும் துளையிட்டுக் கம்பிவலை பொருத்துங்கள். சூடான காற்று மேலே வெளியேற, குளிர்ந்த காற்று கீழே நுழையும். ஓட்டு வீட்டில் சன்னலும் புகைபோக்கியும் செய்த வேலை இதுவே.

வெப்பம்

என் இரண்டாம் பிழை இங்கே நேர்ந்தது. வெப்ப விளக்கை அலமாரியின் மேற்பலகைக்கு நான்கு விரல் கீழே பொருத்தினேன். பத்தாம் நாள் இரவு மகன் வந்து, “அப்பா, ஏதோ கருகுற வாசனை வருது” என்றான். மேற்பலகையில் தோசைக்கல் அளவுக்குப் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. ஓணானோ எதிர்மூலையில் வாயைத் திறந்தபடி சுவரோடு ஒட்டிக் கிடந்தது. நாங்கள் ஊருக்குச் சென்றிருந்த வாரமாக அது இருந்திருந்தால் இன்று இங்கே நின்று பேசியிருக்க மாட்டேன்.

அன்று கற்றவற்றை வரிசையாகச் சொல்கிறேன். விளக்கைப் பீங்கான் தாங்கியில் பொருத்துங்கள். நெகிழித் தாங்கி உருகும். மரத்துக்கும் விளக்குக்கும் இடையே உற்பத்தியாளர் பெட்டியில் அச்சிட்டுள்ள இடைவெளியைக் கட்டாயம் விடுங்கள். மேற்பலகையில் சதுரமாக வெட்டி உலோக வலை பொருத்தி, விளக்கை அதன் மேலே தொங்கவிடுவது இன்னும் நல்லது. உள்ளே பொருத்தினால் விலங்கு தொடாதபடி கம்பிக்காப்பு வேண்டும். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் எந்த வெப்பச் சாதனத்தையும் இயக்காதீர்கள். கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் செருகியைப் பயன்படுத்துங்கள். அவ்வறையில் புகை எச்சரிப்பான் இயங்குகிறதா என்று சோதியுங்கள். சுவருக்குள் புதிய மின்கம்பி இழுப்பதாயின் அது தனி வேலை. நகரியக் கட்டுமான அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஊர்வனவற்றுக்குத் தம் உடலில் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லை. ஆகவே உறைவிடத்தின் ஒருபுறம் சூடாகவும் மறுபுறம் குளிர்ந்தும் இருக்க வேண்டும். தாடி ஓணான் வெயில் காயும் கல் பாரன்ஹீட் கணக்கில் 100 முதல் 105 பாகை வரையும், குளிர்ந்த மூலை 80 பாகை அளவிலும் இருக்கலாம். இரு முனைகளிலும் வெப்பமானி வையுங்கள். கையால் தொட்டுப் பார்த்து ஊகிக்காதீர்கள்.

வெயிலைப் பற்றி எனக்குக் கற்பித்தவர் என் தாயார். அலமாரியைச் சன்னலருகே நகர்த்தி, நல்ல வெயில் வருகிறது என்று நான் மகிழ்ந்தபோது அவர் கேட்டார்: “கண்ணாடிக்குள்ள வர்ற வெயிலும் வேலியில அடிக்கிற வெயிலும் ஒண்ணாப்பா?” ஒன்றல்ல. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்கத் துணைசெய்யும் யூ.வி.பி. கதிரைச் சன்னல் கண்ணாடி தடுத்துவிடும். அக்கதிர் இல்லாத ஓணானுக்கு எலும்பு மென்மையாகி, தாடை வளைந்து, கால் முறியும். ஆகவே உறைவிடத்துக்குள் நீளக்குழாய் வடிவ யூ.வி.பி. விளக்கு தனியாக வேண்டும். ஒளி தெரிந்தாலும் கதிர் குறைந்துவிடும் என்பதால், ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும்.

சாயாத அலமாரி

நான்கடி நீளமும் இரண்டடி உயரமும் உள்ள கால் அங்குலக் கண்ணாடி ஏறத்தாழ 26 பவுண்டு எடை இருக்கும். இழுப்பறைகளை நீக்கி, முன்புறம் கண்ணாடி பொருத்தினால் அலமாரியின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. உள்ளே அசையும் ஓணானைப் பார்க்கக் குழந்தைகள் விளிம்பைப் பிடித்து ஏறுவார்கள். உடைப்பெட்டகங்கள் சாய்ந்து குழந்தைகள் இறந்ததனால்தான் 2022இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. அதன்படி வந்த தரவிதி 2023 செப்டம்பர் 1 முதல் தயாரானவற்றுக்கே பொருந்தும். நம் நிலவறையில் கிடக்கும் பழைய பெட்டகத்தை எந்த விதியும் சோதித்ததில்லை. அதைச் சுவரின் மரச்சட்டத்தோடு இரும்புப் பட்டையால் பிணைப்பது நம் பொறுப்பு. கண்ணாடியும் பதப்படுத்தப்பட்ட வகையாக இருக்கட்டும்.

கை கழுவுதல்

நலமாகத் தோன்றும் ஊர்வனவும் சால்மொனெல்லாக் கிருமியைச் சுமக்கக்கூடும். நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்பதை 1975 முதல் நடுவணரசு தடுத்துள்ளது. குழந்தைகள் அவற்றை வாயில் வைத்து நோயுற்றதே காரணம். ஐந்து வயதுக்கு உட்பட்டோர், 65 வயதைக் கடந்தோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் இவ்விலங்குகளைத் தொடாதிருப்பது நன்று. மற்றையோர் தொட்டபின் வழலையிட்டுக் கை கழுவ வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். பேரக்குழந்தையும் பாட்டியும் ஒரே கூரையின் கீழ் வாழும் நம் வீடுகளுக்கு இது முதன்மையான விதி.

யார் பார்த்துக்கொள்வது?

இறுதியாக ஒன்று. தாடி ஓணான் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியது. சிறுத்தைப் பல்லி எனத்தக்க லெப்பர்ட் கெக்கோ அதனினும் நீண்ட நாள் வாழும். எட்டாம் வகுப்பில் கேட்ட பிள்ளை ஐந்தே ஆண்டுகளில் கல்லூரிக்குப் போய்விடுவான். எங்கள் வீட்டிலும் அப்படியே நடந்தது. அவன் சென்ற பிறகு காலையில் விளக்கு ஏற்றுவதும் கீரை நறுக்கி வைப்பதும் என் தாயாரின் வேலையாயின. மடியில் கட்டிக்கொண்ட ஓணான் என்று நகைத்தவரே, தொலைபேசியில் பேரனிடம் முதலில் சொல்வது அது இன்று சாப்பிட்டதா இல்லையா என்பதுதான்.

வளர்க்க இயலாத நிலை வந்தால் கால்வாயிலோ குரோவர்ஸ் மில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். வெப்பநாட்டு விலங்கு குளிரில் மடியும். செங்காது ஆமை போன்றவை பிழைத்துப் பெருகி, உள்ளூர் ஆமைகளின் இடத்தைப் பறிக்கும். ஊர்வன மீட்பு அமைப்பையோ, உரிமம் வழங்கிய பிரிவையோ தொடர்புகொள்ளுங்கள்.

சிறுவயதில் வேலியோர ஓணானைக் கல்லெறிந்து துரத்திய தலைமுறை நாம். நம் பிள்ளைகள் அதற்கு வீடு கட்டித் தர விரும்புகிறார்கள். அந்த விருப்பத்துக்குத் தடை சொல்ல வேண்டாம். உரிமத்தைக் கேளுங்கள்; அளவைப் பாருங்கள்; விளக்கைத் தள்ளி வையுங்கள்; அலமாரியைச் சுவரோடு பிணையுங்கள். இவை நான்கும் முடிந்தபின் விலங்கை வாங்கச் செல்லுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லிவிட்டேன்.

படிவங்களைத் தமிழில் புரிந்துகொள்ள உதவி வேண்டுவோர், நகரிய அலுவலகத்தில் மொழி உதவி கேட்கத் தயங்க வேண்டாம்.