நீதிக்கும் ரயில் கட்டணமோ?

(வெள்ளானூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



சட்டம் டில்லியிலே பிறக்கிறது. அதன் சுமையோ வெள்ளானூரிலேயும் இறங்குகிறது. சுமை தாங்காதவன், "இது முறைதானா?" என்று கேட்க எங்கே போவான்? ஆவடியிலே மின்சார ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால், நடந்துபோகும் தொலைவிலே நிற்கிறது உயர் நீதிமன்றம். "முறையல்ல, நிறுத்துக!" என்று அம்மன்றம் சொன்னால், அச்சொல் தமிழகத்தோடு நின்றுவிடுமா? நில்லாது! மைய அரசின் சட்டம் பற்றி ஓர் உயர் நீதிமன்றம் தரும் ஆணை, அச்சட்டம் செல்லுமிடமெல்லாம் செல்லும் என்று 2004இல், குசும் இங்காட்ஸ் வழக்கிலே, உச்ச நீதிமன்றமே உரைத்திருக்கிறது.

உரைத்தபடி நடந்ததா? பாருங்கள். இணையச் செய்தி ஏடுகளுக்குக் கடிவாளமிட 2021இல் வந்தன தகவல் தொழில்நுட்ப விதிகள். 9ஆம் விதியின் இரு பிரிவுகளை ஆகஸ்டு 14 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அத்தடை இந்தியா முழுமைக்கும் உரியதாக வேண்டும் என்றது, செப்டம்பர் 16 அன்று, சென்னை உயர் நீதிமன்றம். மைய அரசு உச்ச நீதிமன்றத்தை நாடிற்று. 2022 மே திங்களில் உயர் நீதிமன்றங்களின் விசாரணை நிறுத்தப்பட்டது. 2024 மார்ச்சில் வழக்குகள் டில்லி உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. தொடுத்தது சென்னையிலே, தொடர வேண்டியதோ டில்லியிலே!

"மன்றத்துக்கொரு தீர்ப்பென்றால் நாடு என்னாவது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை, உயர் நீதிமன்றத்தின் கையைக் கட்டுவதா? 1976இல், நெருக்கடிக் காலத்திலே, கட்டிப் பார்த்தார்கள். மையச் சட்டம் அரசியலமைப்புக்கு ஏற்றதா என ஆராயும் உரிமையை உயர் நீதிமன்றங்களிடமிருந்து பறித்தது 42ஆம் திருத்தம். 1978 ஏப்ரலில் நடப்புக்கு வந்த 43ஆம் திருத்தம் அந்த உரிமையை மீட்டது. அமெரிக்காவிலோ, 2025 ஜூன் 27 அன்று, நாடு முழுவதற்குமாகத் தடை விதிப்பது கீழமன்றங்களின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதாகவே தோன்றுகிறது என 6 நீதிபதிகள் சொன்னார்கள். 3 பேர் மறுத்தார்கள். அந்த வழி நமக்கு வேண்டாம். தடை விதிக்கும் உரிமை இருக்கட்டும். மேல்முறையீட்டின் முறை மாறட்டும்!

வேண்டுவன மூன்று.

ஒன்று, கெடு. எதிர்த்தரப்பைக் கேளாது தந்த தடையை நீக்கக் கோரினால், இரண்டு வாரத்தில் முடிவு சொல்லவேண்டும் என்று உயர் நீதிமன்றத்துக்கு ஆணையிடுகிறது அரசியலமைப்பின் 226(3) உறுப்பு. மேலே போன வழக்குக்கு அப்படியொரு கெடுவை அரசியலமைப்பு விதிக்கவில்லை. விதிக்கட்டும்!

இரண்டு, காரணம். பக்கம் பக்கமாக ஆராய்ந்து தந்த தடையை ஒரு வரியிலே நிறுத்திவைக்கலாகாது. ஏன் நிறுத்துகிறோம் என எழுதட்டும்!

மூன்று, இடம். தலைமை நீதிபதி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு, டில்லிக்கு வெளியேயும் உச்ச நீதிமன்றத்தை அமர்த்தலாம். 130ஆவது உறுப்பு இடந்தருகிறது. டில்லி, சென்னை அல்லது ஐதராபாத், கொல்கத்தா, மும்பை என நான்கு மேல்முறையீட்டு அமர்வுகளை 2009இல், தன் 229ஆவது அறிக்கையிலே, சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. அரசியலமைப்பு வழக்குகள் மட்டும் டில்லியிலேயே இருக்கட்டும் என்றது. இருக்கட்டும், இறுதித் தீர்ப்பு அங்கே வரட்டும். இடைக்காலத் தடை நிற்பதா நீங்குவதா என்ற வாதமேனும் இங்கே நடக்கட்டும் என்கிறோம் நாம்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அரசுக்கு டில்லி சொந்த வீடு. வழக்கறிஞரும் அங்கே, அலுவலகமும் அங்கே. நம் ஊர்க்காரனுக்கோ 2,000 கிலோமீட்டருக்கும் மேல் பயணம், தங்க இடம், அங்குள்ள வழக்கறிஞருக்குக் கட்டணம், ஒத்திவைப்புக்கு ஒத்திவைப்பு மறுபடியும் பயணம். சென்னையிலே வாதத்தால் வென்றவன், டில்லியிலே வழிச்செலவால் தோற்பதா?

படிப்பகத்திலே பேசுங்கள், வாக்குக் கேட்டு வருவோரிடம் கேளுங்கள். சுமை வெள்ளானூருக்கு வர வழி இருக்கிறதென்றால், நீதி சென்னை வரையிலாவது வரட்டும்!