நம்மவர் யார்?

(ஆலய ஆண்டு விழாவில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு அன்பர் ஒருவர் நம் கல்வி நிதிக்கு மனமுவந்து நன்கொடை வழங்கினார். "நம்மவர் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுங்கள், ஐயா" என்று கேட்டுக்கொண்டார். நிர்வாகக் குழுவில் உடனே ஒரு கேள்வி எழுந்தது. நம்மவர் என்றால் யார்? தமிழரா, இந்துவா?

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் மாணவர் பதிவேட்டில் இனத்துக்கு ஒரு கட்டமும் சமயத்துக்கு ஒரு கட்டமும் உண்டு. முஸ்லிம் மாணவன் ஒருவனின் பெயரைப் பார்த்ததும், கேட்காமலேயே இனக் கட்டத்தில் 'மலாய்' என்று எழுதிவிட்டேன். "சார், எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுவோம்" என்றான் அவன். வெட்கத்துடன் திருத்தினேன்.

இந்தக் குழப்பம் என்னோடு தொடங்கியதன்று. 'இந்து' என்ற சொல்லே சிந்து நதியிலிருந்து பிறந்தது. முதலில் அது ஒரு நிலத்தின் மக்களைக் குறித்தது. பிற்காலத்தில்தான் சமயத்தின் பெயராயிற்று. மலேசிய அரசியல் சாசனத்தின் 160ஆவது பிரிவோ, இஸ்லாத்தைத் தழுவி, மலாய் பேசி, மலாய் வழக்கங்களைப் பின்பற்றுபவரையே மலாய்க்காரர் என்கிறது. அங்கே இனத்தின் இலக்கணத்திலேயே சமயம் சேர்ந்திருக்கிறது.

நம் சிங்கப்பூரில் 1905ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம், இந்து அறக்கொடைகளை ஒரே வாரியத்தின் கீழ்க் கொண்டுவந்தது. இந்து அறக்கட்டளை வாரியம் தனியே அமைந்தது 1969இல்தான்.

சவுத் பிரிட்ஜ் சாலையில் நடந்து பாருங்கள். தமிழ்க் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826இல் ஜாமியா பள்ளிவாசலை நிறுவினர். மறு ஆண்டே, சில அடி தூரத்தில், நாராயண பிள்ளை மாரியம்மன் ஆலயத்தை நிறுவினார். மொழி ஒன்று; வழிபாடு இரண்டு. நம் சன்னிதிக்குள்ளோ வழிபாடு ஒன்று, மொழிகள் பல. தமிழரோடு தெலுங்கரும் மலையாளிகளும் நிற்கிறார்கள். தைப்பூசத்தன்று சீன அன்பர்களும் பால்குடம் ஏந்துகிறார்கள். இவர்களில் யாரை 'நம்மவர் அல்லர்' என்று சொல்வது?

பூசைக்கும் திருப்பணிக்கும் கொடுத்த பொருள் அதற்கே செல்ல வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், கல்வி நிதி பிள்ளைகளுக்கு உரியது. அதன் விண்ணப்பப் படிவத்தில் இனம், சமயம் என்னும் இரு கட்டங்களையும் நீக்கிவிட்டு, குடும்ப வருமானத்தை மட்டும் கேட்போம் என்று குழுவில் முன்மொழிந்திருக்கிறேன். முடிவு இன்னும் ஆகவில்லை. நன்கொடையாளர்களாகிய உங்கள் இசைவு இதற்கு வேண்டும்.

அன்று ஒரு மாணவனைக் கேட்காமல் எழுதினேன். இன்று உங்களைக் கேட்டுவிட்டு எழுத விரும்புகிறேன்.

அன்னையின் அருள் அனைவருக்கும் உரித்தாகுக!