பனிக்கட்டியும் உப்பும்: 'வெள்ளை யானை' நாவலின் சென்னை
(நினைவுரை)



மரக்காணத்தில் கூடிக்கொண்டு சென்னையைப் பற்றிய நாவலைப் பேசுவானேன் என்று சிலர் கேட்டார்கள். நம் உப்பளங்களை ஒட்டிக் கிடக்கிற பக்கிங்காம் கால்வாயைக் காட்டினோம். அதன் தென்கோடி இது. தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877-78இல், பசித்து வந்த சனங்களை வைத்துத்தான் சென்னைக்குள் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர் வெட்டினார்கள். பஞ்ச நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877இல் கணக்குப் போட்டவர் ரிச்சர்ட் டெம்பிள். கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். இந்த வழியாகப் படகில் உப்பும் விறகும் பட்டணம் போயின.

ஜெயமோகனின் 'வெள்ளை யானை' (2013) அந்த ஆளுநர் காலத்துச் சென்னையில், 1878இல் நடக்கிறது. ஜெயமோகனோடு நமக்குச் சண்டைகள் உண்டு; அவை இருக்கட்டும். அமெரிக்க ஏரிகளில் அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸில் அடுக்கினார்கள். இன்று அது விவேகானந்தர் இல்லம். துரைமார் கோப்பைக்குப் போகும் அந்தக் கட்டியை உடைத்துச் சுமந்தவர்கள் நம்மவர்கள். அங்கே எழும் வேலைநிறுத்தமும் அது ஒடுக்கப்படுவதும்தான் கதை.

கதையின் நாயகன் ஏய்டன், ஐரிஷ்காரன், போலீஸ் அதிகாரி. அவனுடைய நாட்டையும் பஞ்சம் தின்றிருக்கிறது. இவனை உள்நாட்டில் ஒரு முகாமில் உட்கார வைத்திருந்தால் மணியக்காரரும் கர்ணமும் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கிளம்பியிருப்பான். பட்டணம் அவனை அப்படி விடவில்லை. கோட்டை, கறுப்பர் நகரம், ஐஸ் ஹவுஸ், சேரி எல்லாம் ஒரு குதிரைச் சவாரித் தூரத்துக்குள் இருக்கின்றன. விருந்தில் பனிக்கட்டி மிதப்பதையும் தெருவில் ஆள் சுருண்டு கிடப்பதையும் ஒரே நாளில் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்க்கவில்லை என்று சொல்ல வழியில்லாத இந்த நெருக்கடிதான் அவனைப் பாத்திரமாக்குகிறது. நல்ல மனசு அப்புறம்தான்.

கூலிகளுக்கும் பட்டணம் ஒன்று செய்கிறது. ஊரில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பண்ணையின் பிடியில் தனித்தனி. ஐஸ் ஹவுஸில் பல ஊர்ச் சனம் ஒரே கூரைக்குக் கீழ், ஒரே கூலிக்கு நிற்கிறது. கையைக் கட்டி நிற்கும் துணிவு அங்கே பிறக்கிறது. அவர்களுக்காகப் பேசும் காத்தவராயன் நமக்கு அயோத்திதாசரை நினைவூட்டுகிறார். பண்டிதரின் இயற்பெயரும் அதுவே. ஆனால் சாதி ஊர் எல்லையில் நின்றுவிடவில்லை, பட்டணத்துக்கும் கூடவே வந்தது. நாவல் வந்த அதே 2013இல், ஏப்ரல் 25 அன்று, பட்டணம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நம் மரக்காணம் காலனி வீடுகள் எரிக்கப்பட்டன. அந்த ஆண்டில் இதை வெறும் வரலாற்று நாவலாகப் படிக்க நம்மால் முடியவில்லை.

எங்கள் குறை ஒன்று. இந்த நகரம் குதிரை மேலிருந்து தெரியும் நகரம். கட்டி சுமந்தவன் கை தெரிகிறது. இரவு அவன் வீட்டில் என்ன பேசினார்கள் என்பது தெரியவில்லை. தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' (2018) சிந்தாதிரிப்பேட்டைக்குள்ளேயே உட்கார்ந்து, அந்தச் சனத்தின் பேச்சிலேயே நகரத்தைக் கட்டுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். தூத்துக்குடி உப்பளத்துக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' இருக்கிறது. நம் பாத்திகளில் கால் வெடித்து நிற்கிறவளின் பிள்ளை, மழைக்கு அளம் மூடியதும் சென்னைக்குப் பஸ் ஏறுகிறான். அவன் கோயம்பேட்டில் இறங்கியதும் முதலில் யாரைத் தேடிப் போகிறான் என்பதை உங்களில் ஒருவர்தான் எழுத வேண்டும்.